விதியை எழுதுவது யார்?

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடையே சில காலமாக ஒரே ஒப்பாரி கேட்கின்றது. கைத்தொலைபேசி வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்கின்றனர். பப்ஜி வந்து கிளித்தட்டை விழுங்கிவிட்டது என்கின்றனர். பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினும் சரி, வாசிகசாலையின் ஆண்டு விழாவாயினும் சரி, ஒலிவாங்கி கைக்கு வந்தவர் எவரும் இந்தப் பல்லவியைப் பாடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. பரிகாரமும் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது: போனைப் பறி, பிள்ளையை ரியூட்டரிக்கு அனுப்பு. நமது எழுத்தாளர்களோ இந்த அளவுக்குக்கூட வாய் திறப்பதில்லை. நாவலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் மணிக்கணக்கில் வாதிடும் இவர்கள், தம் வீட்டு விறாந்தையிலே பேரன் நாள்தோறும் மூழ்கிக் கிடக்கும் ஒரு கலையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதுண்டா? அதைக் கலையென்று ஒப்பவே அவர்களுக்கு மனமில்லை.

இந்த இரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

முதலில் ஒப்பாரி வைப்போரைப் பார்ப்போம். கிளித்தட்டைக் கொன்றது கைத்தொலைபேசிதானா? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கெனப் பத்து வயதுக் குழந்தையை விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னரும் ரியூட்டரி வாங்கிலே இருத்திய சமூகம் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமையையும் நாம் விட்டுவைக்கவில்லை. பிள்ளைக்கு எஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றுமான கால்மணி நேரங்களே. கிளித்தட்டுக்கு வேண்டியதோ ஒரு முழு மாலைப்பொழுது, பத்துப் பிள்ளைகள், ஒரு வெறும் நிலம். கால்மணி நேரத்துக்குள் அடங்கும் விளையாட்டு, இலண்டன் மாமா அனுப்பிய போனிலே மட்டுமே இருந்தது. பிள்ளை அதை எடுத்துக்கொண்டது. மாலைப்பொழுதைப் பறித்தவர்களே போனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வேடிக்கையிலும் வேடிக்கை!

கிளித்தட்டை மெச்சுவோரும் அதைப் பழம்பெருமையாக மெச்சுகின்றார்களேயன்றி, அதன் அமைப்பை நோக்குவதில்லை. நிலத்தில் கீறிய கோடுகளே அதன் கருவிகள் அனைத்தும். மறிப்பவர்கள் தத்தம் குறுக்குக் கோட்டை விட்டு அசையக் கூடாது. கிளி ஒன்று மட்டும் நடுக்கோட்டிலும் எல்லைக் கோடுகளிலும் ஓடித் திரியலாம். இந்த ஒரு சலுகையை ஒருவருக்கு அளித்ததனாலேயே ஆட்டம் முழுவதும் உயிர்பெறுகின்றது. கிளி எங்கே நிற்கின்றது என்பதை நோக்கியே உள்ளே நிற்பவர்கள் பாய்வதும் பதுங்குவதும். பந்தில்லை, மட்டையில்லை, காசு செலவில்லை. எவரோ ஒருவர், அல்லது தலைமுறை தலைமுறையாகப் பலர், இதைச் சிந்தித்துச் செப்பம் செய்திருக்கின்றனர். பெயர் தெரியாத அந்த மனிதர்களைக் கலைஞர்கள் என்கிறோம் நாம். அதற்காக அந்தக் காலத்துக்குக் கோயில் கட்டவும் நாம் ஆயத்தமாக இல்லை. கிளித்தட்டின் விதி எவரிடமும் சாதி கேட்டதில்லை; கோடு கீறிய வளவின் கிடுகு வேலி கேட்டது. உள்ளே வந்து ஆடியவர் யார், வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் யார் என்பதைப் பழம்பெருமை பேசுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

விளையாட்டின் விதி வெறும் ஒழுங்குமுறை அன்று. உலகம் எப்படி இயங்குகின்றது என்பது பற்றிய ஒரு கூற்று அது. பரமபதப் பலகையை எண்ணிப் பாருங்கள். புண்ணியம் ஏணியாகின்றது, பாவம் பாம்பாகின்றது. ஆனால் காயை நகர்த்துவது தாயக்கட்டையேயன்றி ஆடுபவனின் விருப்பம் அன்று. ஒரு சமயத் தத்துவம் முழுவதும் ஒரு பலகையில் அடங்கிவிட்டது. ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று, தத்துவத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக்கினர்.

அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் ஒரு பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றையோர் எவ்வாறு ஓட்டாண்டியாவர் என்பதைக் காட்டவென்றே அமைத்த ஆட்டம் அது. அதற்கு இருவகை விதிகளை அவர் வகுத்தார். ஒன்றில், ஒருவர் செழிக்கும்போது எல்லோருக்கும் பங்குண்டு; மற்றதில், ஒருவர் பிறரை நசுக்கி வெல்வார். அந்த ஆட்டத்தின் வழிவந்த மொனோப்பொலியை விற்கத் தொடங்கிய பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், 1935இல் மேகியின் உரிமையை 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. படைத்தவர் என்று சார்ள்ஸ் டரோ என்பவரின் பெயரே பறைசாற்றப்பட்டது. நசுக்கும் விதி உலகெங்கும் பரவியது. பகிரும் விதி பெட்டிக்குள் வரவேயில்லை.

திரையிலே ஆடும் ஆட்டங்களின் வரலாற்றையும் இந்தக் கண்கொண்டே நாம் வாசிக்க வேண்டும். நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், 1958இல், பார்வையாளர் நாளுக்கென்று வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலாளர் அலைகாட்டித் திரையொன்றில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். அணுகுண்டு ஆக்கத்திலே பங்கு கொண்டு, பின்னர் அணுவாயுதப் பரவலை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். அந்த ஆட்டத்தை அவர் விற்கவில்லை, உரிமை கோரவுமில்லை. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து எழுதிய ஸ்பேஸ்வோர், கணினி இருந்த ஆய்வுகூடங்களுக்கெல்லாம் இலவசமாகவே பரவியது. காசு நுழைந்தது அதற்குப் பின்னர்தான். 1972இல் அட்டாரி நிறுவனத்தின் பொங் மதுக்கடைகளில் நாணயம் விழுங்கத் தொடங்கியது. நாணயம் விழுங்கும் பெட்டிக்கு ஒரு நியதி உண்டு: ஆடுபவர் விரைவில் தோற்க வேண்டும், ஆனால் மீண்டும் ஆட விரும்பும்படி தோற்க வேண்டும். அக்காலத்து ஆட்டங்கள் பலவற்றின் கடுமைக்கு இதுவே தாய்.

எனினும் அந்தப் பெட்டிக்குள்ளும் கலைஞர்கள் இருந்தனர். ஜப்பானிலே நிஷிகாடோ 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை ஆக்கினார். மனிதரைச் சுடுவது தகாது என்று கருதப்பட்டதால் எதிரிகள் வேற்றுக்கிரக உயிர்களாயினர். எதிரிகள் குறையக் குறைய, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து இயந்திரம் தானாகவே விரைந்தது. அவர் அந்தக் குறையைத் திருத்தவில்லை. அதையே ஆட்டத்தின் நெஞ்சுத் துடிப்பாக்கிக்கொண்டார். மியாமோட்டோ 1985இல் ஆக்கிய சூப்பர் மாரியோவின் முதற் கட்டம், ஒரு சொல்லும் எழுதாமல், தடைகளை அடுக்கிய முறையினாலேயே ஆடுபவருக்கு விதிகளைக் கற்பிக்கின்றது. எத்தனை பாடநூலாசிரியர்களால் இது இயலும்?

இவை எல்லாவற்றிலும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது 1980இல் டேவ் தியூரர் அமைத்த மிசைல் கொமாண்ட். வானிலிருந்து ஏவுகணைகள் இறங்குகின்றன. கீழே ஆறு நகரங்கள். ஆடுபவர் அவற்றைக் காக்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் வெற்றி என்பது அங்கே இல்லை. ஏவுகணைகள் பெருகிக்கொண்டே வரும், நகரங்கள் ஒவ்வொன்றாக எரியும். இறுதியில் 'முடிந்தது' என்ற ஒரு சொல் வெடித்துத் தோன்றும். அதை ஆக்கிய நாட்களில் அணுப்போர்க் கனவுகள் தன்னை அலைக்கழித்ததாகத் தியூரர் கூறியுள்ளார். வெல்ல முடியாத போரைப் பற்றிப் பேச அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. வெல்ல முடியாதபடி விதியை அமைத்தார்.

இக்கலைஞர்கள் நடத்தப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஆட்டங்களை ஆக்கியோரின் பெயரை அட்டாரி வெளியிடுவதில்லை. ஆகவே வொரன் ரொபினெட் என்ற இளைஞர், தாம் எழுதிய அட்வென்ச்சர் ஆட்டத்துள்ளே ஓர் இரகசிய அறையைக் கட்டி அதனுள் தம் பெயரை ஒளித்து வைத்தார். தம் படைப்பிலே தம் பெயரைத் திருட்டுத்தனமாக எழுத வேண்டிய நிலை! மறுமுகாம் மேலானது என்று எண்ணுவோரும் கேட்கட்டும். மொஸ்கோவின் விஞ்ஞானக் கழகக் கணினி நிலையத்தில் 1984இல் டெட்ரிஸ் ஆட்டத்தை ஆக்கிய அலெக்ஸி பஜித்னோவ், அந்த ஆட்டம் உலகெங்கும் விற்றுத் தீர்ந்த ஆண்டுகளிலே உரிமைப் பணம் எதையும் பெறவில்லை. அரச நிறுவனமே உரிமையை வைத்திருந்தது; 1996இல்தான் அது அவருக்கு வந்தது.

இந்த வரலாற்றின் செழிப்பான ஆண்டுகளிலே யாழ்ப்பாணம் எங்கே இருந்தது? இருளில் இருந்தது. இது உவமை அன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜப்பானியப் பிள்ளை சூப்பர் பமிக்கொம் பெட்டியைத் திறந்த அந்த ஆண்டில், நம் பிள்ளை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது. செத்த பற்றரியை வெயிலில் காய வைத்து இன்னும் ஒரு பாட்டுக்கு உயிர் வருமா என்று பார்த்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, அந்தச் சிக்கன விளக்கின் முன்னே பரீட்சைக்குப் படித்தது. சில துளி பெற்றோலில் முடுக்கிவிட்டுப் பின் மண்ணெண்ணெயில் ஓட மோட்டார் சைக்கிளைப் பழக்கியவர்களும், குண்டுச் சிதறல் உள்ளே பாயாதிருக்கப் பதுங்குகுழியை 'ட' வடிவில் வெட்டக் கற்றவர்களும் இம்மண்ணிலேயே இருந்தனர். 1993இல் டூம் என்ற சுடும் ஆட்டம் வெளிவந்து உலகைக் கவர்ந்தது. அந்த ஆண்டு ஜனவரியிலேதான் கிளாலிக் கடலில், இரவில் படகேறிய பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

குறைந்த பொருளைக் கொண்டு, கடும் விதிகளின் கீழ், பிழைக்கும் வழி காண்பது: விளையாட்டமைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராயும் பொருள் இதுவே. யாழ்ப்பாணத்து ஒவ்வொரு வீடும் அதை விரும்பாமலே கற்றது. அவ்வறிவு இன்று எங்கே பதிவாகி இருக்கிறது? சில கவிதைகளிலும் கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் உண்டு. திரை விளையாட்டிலே இல்லை.

அங்கே நமக்குக் கிடைத்தது வேறொன்று. 2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இன் பின் மீண்டும் திறந்தது. பாதையோடு மின்சாரமும் கணினியும் கைத்தொலைபேசியும் வந்து நிலைத்தன. 2018இலிருந்து போனிலே பப்ஜி. பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரரின் எண்ணத்தில் உருவாகி, கொரிய நிறுவனம் ஒன்று 2017இல் வெளியிட்ட ஆட்டம். நூறு பேர் வானிலிருந்து ஒரு நிலத்தில் இறங்குவர். ஒருவரோ ஓர் அணியோ எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்வர். அதன் உயிர்நாடியான விதி யாதெனில், பாதுகாப்பான வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கும் என்பது. வட்டத்துக்கு வெளியே அகப்பட்டவர் சாவார். ஆகவே எல்லோரும் உள்ளே உள்ளே ஓடிக் கூட வேண்டும்.

இந்த விதியை நாம் எங்கோ அறிவோம். 2009இல், ஆனையிறவுக்கு அப்பால் வன்னியிலே, அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று மூன்று முறை அறிவித்தது: ஜனவரி 21இல் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர், பெப்ரவரி 12இல் 14, மே 8இல் ஏறத்தாழ 2. மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே உள்ளே ஓடினர். வலயத்துக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. கிரீனுக்கு முள்ளிவாய்க்கால் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அவர் மீது குற்றமும் சுமத்தவில்லை. ஆனால் அவ்வலயத்திலிருந்து மீண்ட ஒரு தாயின் மகன், அதே வீட்டில், அதே விதியைப் பொழுதுபோக்காக ஆடுகிறான். அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை. அவனுடைய ஆசிரியர் போனைப் பறிக்கிறார். எழுத்தாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போதாக்குறைக்கு இந்த ஆட்டங்கள் 'இலவசம்'. நாணயம் விழுங்கிய பெட்டி இப்போது நாணயம் கேட்பதில்லை; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளை விற்கிறது. இது சூதாட்டமே என்று பெல்ஜிய நாடு 2018இல் முடிவு கட்டியது. நம் நாட்டில் இதைப் பற்றிப் பேச்சுமில்லை, மூச்சுமில்லை.

போரை வைத்து ஆட்டம் அமைப்பதே தவறு என்று சிலர் கூறக்கூடும். அமெரிக்க இராணுவம் ஆட்சேர்ப்புக்கென்று 2002இல் ஓர் ஆட்டத்தை வெளியிட்டு இருபது ஆண்டுகள் நடத்தியதை நினைத்தால் அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆயின் வார்சோவைப் பாருங்கள். அங்கே 11 பிட் ஸ்ரூடியோஸ் என்ற குழு 2014இல் 'திஸ் வோர் ஒவ் மைன்' என்ற ஆட்டத்தை ஆக்கியது. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த சரயேவோவை மனத்திற் கொண்டது அது. நம் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் கிடந்த அதே ஆண்டுகள்! அவ்வாட்டத்தில் ஆடுபவர் சிப்பாய் அல்லர். இடிந்த வீடொன்றிலே ஒதுங்கிய சாதாரண மனிதர். பகலில் குறிபார்த்துச் சுடுவோர். இரவில் வெளியே சென்று மருந்தும் உணவும் விறகும் தேட வேண்டும். ஒரு வீட்டில் முதிய தம்பதியர் இருக்கின்றனர். அவர்களிடம் உணவு உண்டு. எதிர்க்க வலு இல்லை. எடுத்து வந்தால் உம் ஆட்கள் பிழைப்பர். ஆட்டம் உம்மைத் தடுக்காது, புள்ளிகளும் குறைக்காது. எடுத்தவன் மட்டும் திரும்பி வந்து மனமுடைந்து உட்கார்ந்துவிடுவான். போலந்து அரசு 2020இல் இதைப் பாடசாலை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலிலே சேர்த்தது. ஒரு நாவலின் வரிசையிலே ஒரு திரை விளையாட்டு!

வார்சோவின் இளைஞர் சரயேவோவின் துயரை இவ்வாறு அமைக்க முடியுமாயின், யாழ்ப்பாணத்தின் பத்தாண்டைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் ஏன் வாளாவிருக்கிறோம்?

விடை நமக்குத் தெரியும். இது அந்தஸ்தில்லாத வேலை. நம்மவருக்கு இது புதிய நோயும் அன்று. கூத்தை ஒரு காலம் படிப்பில்லாதவர் களியாட்டமென்று கற்றோர் ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டு சென்று, இராவணேசனை மேடையேற்றிய பின்னரே அவர்கள் முன்வரிசையில் வந்து அமர்ந்தனர். பேச்சுத்தமிழில் கதை எழுதியவர்களை 1960களில் 'இழிசனர் வழக்கு' என்று தூற்றினோம். அதையும் நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தூற்றலுக்கு இலக்கானவர்களின் வழிவந்தோரே இன்று திரை விளையாட்டை நோக்கி அதே மூக்கைச் சுளிக்கின்றனர்.

கணினி கற்கும் இளைஞர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களையும் குறை சொல்லாது விட முடியாது. அயல்நாட்டு நிறுவனத்தின் கணக்கேட்டுச் செயலியை எழுதினால் தொழில். விளையாட்டை எழுதினால் வீண் வேலை என்பது அவர்களுடைய பெற்றோரின் தீர்ப்பு. பெரும்பாலோர் அதை மறுவிசாரணைக்கு எடுப்பதில்லை. இதனிடையே ரொரன்ரோவிலே, நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய அந்நகரிலே, 2023இல் வெண்பா என்ற ஆட்டம் வெளிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையற் குறிப்பேடு சிதைந்து போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும். மகனிடமிருந்து தமிழ் மெல்ல நழுவிக்கொண்டிருப்பதை ஆட்டம் சொல்லிப் புலம்பவில்லை. அழிந்த வரிகளை நம்மையே தேட வைக்கிறது. 2024இல் அதற்குப் பிரித்தானியாவின் பாப்டா விருது, முதற்படைப்புக்கான பிரிவில், கிடைத்தது. விசை என்ற சிறு குழு ஆக்கியது அது, பெருநிறுவனம் ஆக்கியதன்று.

கருவி இல்லை என்று எவரும் சாட்டுச் சொல்ல இயலாது. கோடோ, ட்வைன் போன்ற ஆக்கக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு பழைய கணினியிலேயே தொடங்கலாம். இல்லாதது, எழுதுபவரும் கணினி அறிந்தவரும் ஒரு மேசையில் அமர்வது. ஜாம் போத்தல் விளக்கைச் செய்தவர்கள், கிளாலியில் படகோட்டியவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கமாக நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர், முதுமை அடைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியது சோகக் கதையை மட்டுமன்று. எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், எதற்குப் பதில் எது என்று கேட்க வேண்டும். அந்த விடைகளே விதிகளாகும்.

ஓர் ஆட்டத்தை இங்கேயே தொடங்கிப் பார்ப்போம். ஆண்டு 1992, இடம் வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரரின் வீடு. கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நீரிறைக்கும் இயந்திரத்தில் ஊற்றினால் வெங்காயம் வாடாது. மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் காய்ச்சலில் கிடக்கும் கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அவள் விளக்கைக் கேட்கவில்லை, பொழுதுபடுமுன் கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.